அடகுக்கடையில் மடக்குக்கத்தி: எதை எடுக்கலாம், எதைக் கண்ணாடிப் பெட்டியிலேயே விட்டுவிடலாம்

சாணைக்கல் (டெக்சஸ்)

மடக்குக்கத்தி மேல் ஆசை இருக்கிறது, ஆனால் புதிதின் விலையைப் பார்த்தால் மனசு வரவில்லை என்று இந்த மன்றத்தில் அடிக்கடி யாராவது எழுதுகிறார்கள். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இதற்கு ஊருக்கு ஊர் ஒரு வழி இருக்கிறது: பான் ஷாப். நம்மூர் அடகுக்கடை மாதிரி நகையோடு நிற்காது. கிட்டார், டிரில், டிவி, துப்பாக்கி, தூண்டில் வரை எல்லாம் வாங்குவார்கள். மூழ்கிப்போன சாமான் விற்பனைக்கு வரும். கத்திகள் பெரும்பாலும் அடகாகக்கூட வந்தவை அல்ல. வீட்டைக் காலி செய்யும்போது தாத்தாவின் கருவிப்பெட்டியோடு யாரோ மொத்தமாகத் தள்ளிவிட்டுப் போனவை. கடைக்காரருக்குத் தங்க விலை அத்துப்படி, துப்பாக்கி விலை அத்துப்படி. ஐந்து, பத்து டாலர் சாமானுக்கு அவர் மெனக்கெடுவதில்லை. நமக்கு லாபம் அங்கேதான்.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: அழுக்குப் பிடித்த கத்தியா, தேய்ந்த கத்தியா? அழுக்கு என்றால் எடுப்பேன். கறுத்த பித்தளை, கீலில் அடைத்த பஞ்சு, ஒட்டிப்போன எண்ணெய், மேலோட்டமான துரு எல்லாம் ஒரு சாயங்காலத்தில் போய்விடும். தேய்ந்துபோன எஃகு திரும்பி வராது.

தேய்மானத்தைக் கண்டுபிடிப்பது எளிது. பிளேடின் கூர்ப்பக்கம் கைப்பிடியை நெருங்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே சாணை படாத கட்டையான பகுதி கொஞ்சம் இருக்கும். அதுவும் கூர்விளிம்பும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்தால் பிளேடு முழுசாக இருக்கிறது. அங்கே படிக்கட்டு மாதிரி ஒரு பள்ளம் விழுந்து, அதற்கப்புறம் பிளேடு ஒல்லியாகப் போனால், முன்னால் வைத்திருந்தவர் வருடக்கணக்கில் தீட்டித் தின்றிருக்கிறார். சந்தேகமாக இருந்தால் அதே மாடலின் படத்தைக் கைப்பேசியில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முனை உடைந்து, யாரோ மொட்டையாகத் தேய்த்திருப்பதும் அதில் தெரிந்துவிடும்.

அப்புறம் நிறம். கூர்விளிம்பில் நீலமோ வைக்கோல் நிறமோ படர்ந்திருந்தால், மின்சாரச் சாணைச் சக்கரத்தில் வைத்துச் சூடாக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். பதம் இறங்கிய எஃகு. எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

கடைசியாகக் கீல். கத்தியைத் திறந்து, பிளேடைப் பக்கவாட்டில் மெதுவாக அசையுங்கள். மேலும் கீழும் அசையுங்கள். லேசான பக்கவாட்டு ஆட்டம் பழைய கத்திக்குச் சகஜம். பூட்டு வகைக் கத்தியில் (திறந்ததும் பிளேடு மடங்காமல் பூட்டிக்கொள்வது) மேல்கீழ் ஆட்டம் இருந்தால் யோசிக்க வேண்டும். பூட்டைச் சோதிக்கும்போது, பிளேடு மடங்கினால் போகும் பாதையில் விரலை வைக்காதீர்கள்.

புதுசு_ஹூஸ்டன்

அண்ணா, நான் போன கடைகளில் எல்லாம் பெயர் தெரியாத சீனக் கத்திகள்தான் கிடக்கின்றன. பளபளவென்று டிராகன் படம் போட்டது, மண்டையோடு போட்டது. நல்ல கத்தியே கண்ணில் படவில்லை. பேரம் வேறு பேச வரவில்லை.

சாணைக்கல்

தம்பி, நீங்கள் பார்த்தது மேல்தட்டு. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோ சிகார் பெட்டியோ இருக்கும். “பழைய பேனாக்கத்தி ஏதாவது கிடக்கிறதா, உடைந்தாலும் பரவாயில்லை” என்று கேட்டால் எடுத்துக் கொட்டுவார்கள். கைப்பேசி விளக்கை அடித்துப் பாருங்கள். டிராகன்களைத் தள்ளிவிட்டு, கறுத்துப்போய் யாரும் தொடாமல் கிடப்பதை எடுங்கள்.

பேரத்துக்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம். ஒன்றை மட்டும் தூக்கிப் பிடித்துப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தால் கடைக்காரர் உஷாராகிவிடுவார். மூன்று நான்கு கத்தியைச் சேர்த்து வைத்து, “மொத்தமாக என்ன போடுவீர்கள்?” என்று கேளுங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும். மாதக் கடைசியில் போனால் கொஞ்சம் இறங்கி வருவார்கள் என்பது என் நம்பிக்கை, சத்தியம் செய்ய மாட்டேன்.

பெஞ்ச்மேட், ஸ்பைடர்கோ மாதிரி இன்றைக்குப் பெயர் எடுத்த கத்திகளில் கவனம். போலிகள் ஏராளம். கடைக்காரர் ஏமாற்ற வேண்டும் என்றில்லை, அவரையே யாராவது ஏமாற்றியிருப்பார்கள். நடு மையத்தில் நிற்காத பிளேடு, சொரசொரப்பான திறப்பு, எழுத்து வடிவத்தில் கோணல் எதைப் பார்த்தாலும் வைத்துவிடுங்கள்.

பெட்டிக்கடை (ஒஹாயோ)

அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய அமெரிக்கக் கத்தியில் பிளேடின் அடியில், கீலை ஒட்டி இருக்கும் முத்திரையைப் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும், ஜாதகம் முழுக்க அங்கேயே இருக்கிறது.

கேஸ் (Case) என்ற நிறுவனத்தின் கத்திகள் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் செய்யப்படுபவை. 1970இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் போட்டார்கள். பிறகு வருடத்துக்கு ஒரு புள்ளி குறைத்தார்கள். ஆறு புள்ளி என்றால் 1974, ஒரு புள்ளி என்றால் 1979. 1980இல் எஸ் எழுத்தை மின்னல் வெட்டு மாதிரி மாற்றி, மறுபடி பத்திலிருந்து ஆரம்பித்தார்கள். புள்ளியே இல்லாமல் யு.எஸ்.ஏ. என்று மட்டும் இருந்தால் 1965க்கும் 1969க்கும் நடுவில். அந்த யு.எஸ்.ஏ.வும் இல்லாமல் கேஸ் எக்ஸ்எக்ஸ் என்று மட்டும் இருந்தால் இன்னும் பழசு. அதைக் கண்டால் சத்தம் போடாமல் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.

மாடல் எண்ணும் அப்படித்தான். 6318 என்றால் 6 என்பது எலும்புக் கைப்பிடி, 3 என்பது மூன்று பிளேடு, 18 என்பது வடிவம். 3318 என்றால் அதே கத்தி மஞ்சள் கைப்பிடியில். கைப்பிடி எலும்பாக இருந்து எண் 3இல் தொடங்கினால் யாரோ கைப்பிடியை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஷ்ரேட் ஓல்டு டைமர் கத்திகள் டப்பாவில் நிறையக் கிடக்கும். நியூயார்க் மாநிலம் எலன்வில்லில் இருந்த இம்பீரியல் ஷ்ரேட் ஆலை 2004இல் மூடிவிட்டது. அதன்பிறகு அதே பெயரில் வந்தவை பெரும்பாலும் சீனத்தில் செய்தவை. முத்திரையில் யு.எஸ்.ஏ. இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய ஓல்டு டைமர் கார்பன் எஃகு. கறுத்து அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் கல்லில் வைத்தால் வெண்ணெய். கமிலஸ் கம்பெனி ராணுவத்துக்குச் செய்த முழு எஃகுக் கத்தியும் சிக்கும். அதில் வருடத்தையே முத்திரையாக அடித்திருப்பார்கள், மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

தோட்டக்காரி

எனக்குச் சேகரிப்பு எல்லாம் வேண்டாம். ரோஜாச் செடிக்குக் குச்சி நறுக்க, உரமூட்டை கிழிக்க ஒன்று போதும். சிவப்பு சுவிஸ் கத்தி பழசு வாங்கினால் உருப்படுமா?

பெட்டிக்கடை

தாராளமாக, அக்கா. சிவப்பு சுவிஸ் கத்தி செய்யும் விக்டோரினாக்ஸ் போடுவது துருப்பிடிக்காத எஃகு, மென்மையான பதம், சீக்கிரம் தீட்டலாம். கைப்பிடி ஓடு கீறலாக இருந்தால் கவலையே வேண்டாம், புதிதாக வாங்கி அழுத்தினால் உட்கார்ந்துவிடும். இடுக்கியும் பல்குச்சியும் தனியாகக் கிடைக்கும். பான் ஷாப்பை விட மலிவான வழியும் உண்டு. விமான நிலையச் சோதனையில் பயணிகள் விட்டுச்செல்லும் கத்திகளைப் பல மாநில அரசுகளின் உபரிப்பொருள் கிடங்குகள் மொத்தமாக விற்கின்றன. மூட்டையாக ஏலம் எடுப்பவர்கள் பிரித்து விற்பார்கள். அவற்றில் சுவிஸ் கத்தி நிறைய இருக்கும்.

மினுக்கு

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? நான் வாங்குவேன், சுழலும் பஃப் சக்கரத்தில் (மெருகேற்றும் துணிச்சக்கரம்) பிடிப்பேன், கண்ணாடி மாதிரி ஆக்கி விற்றுவிடுவேன். வாங்குகிறவர்களுக்குப் பளபளப்புதான் வேண்டும்.

பெட்டிக்கடை

உங்கள் கத்தி, உங்கள் இஷ்டம். ஆனால் பஃப் சக்கரம் முத்திரையின் ஓரத்தை மழுக்கிவிடும், பிளேடின் கோடுகளை உருட்டிவிடும். தெரிந்தவர்கள் கையில் எடுத்ததும் கீழே வைத்துவிடுவார்கள். 1960களின் கேஸ் கத்தி ஒன்று, மினுக்காமல் இருந்தால் போகும் விலையில் பாதிக்குக்கூடப் போகாது. கார்பன் எஃகில் இருக்கும் சாம்பல் நீலப் படலம் அழுக்கு இல்லை. செந்துருவைத் தடுப்பதே அதுதான்.

மினுக்கு

பழைய கேஸ் சரி. பத்து டாலர் பாகிஸ்தான் கத்திக்கும் அதே மரியாதையா?

சாணைக்கல்

அதை எப்படி வேண்டுமானாலும் மினுக்குங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. ஒன்று மட்டும்: சக்கரம் கத்தியைப் பிடுங்கி எறியும். கூர்ப்பக்கத்தைச் சக்கரத்துக்கு எதிராகக் காட்டாதீர்கள். கைப்பிடி என்ன பொருள் என்று தெரியாமல் சக்கரத்தில் பிடிக்கவே பிடிக்காதீர்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் வந்த பல கத்திகளுக்குச் செல்லுலாயிடு கைப்பிடி. முத்துச்சிப்பி மாதிரி மின்னும், ஆமையோடு மாதிரி புள்ளி விழும், மிட்டாய்க் கோடு போட்டிருக்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அது நைட்ரோசெல்லுலோஸ். சூடு பட்டால் குப்பென்று பற்றும். வயதானால் தானாகவே சிதைந்து அமில ஆவி விடும். அந்த ஆவி தன் பிளேடைத் தின்னும், பக்கத்தில் இருக்கும் கத்தியையும் தின்னும்.

அறிகுறி இப்படி இருக்கும்: பிளேடின் வெளிப்பகுதி சுத்தமாக இருக்கும். மடக்கினால் கைப்பிடிக்குள் போகும் பகுதியில் மட்டும் துரு பொரிந்திருக்கும். உள்ளே இருக்கும் பித்தளைத் தகட்டில் பச்சை பூத்திருக்கும். கைப்பிடியின் ஓரத்தில் சின்னச் சின்ன வெடிப்பு, தொட்டால் கற்கண்டு மாதிரி உதிரும். மூக்கருகே கொண்டு போனால் காரமாக ஏறும். அப்படி ஒன்றைப் பார்த்தால் அதோடு ஒரே டப்பாவில் கிடந்த மற்றவற்றையும் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். நல்ல நிலையில் இருக்கும் செல்லுலாயிடு கத்தி என்றாலும் தனியாக, காற்று படும் இடத்தில் வையுங்கள். மூடிய பெட்டிக்குள் மற்றவற்றோடு அடுக்காதீர்கள்.

டொராண்டோ வாசி

அண்ணை, இஞ்சை கனடாவிலை இருக்கிற ஆக்களுக்கு ஒரு வார்த்தை. பொத்தானை அமத்தினால் தானாய்த் திறக்கிற கத்தியும், மணிக்கட்டை உதறினால் திறக்கிற கத்தியும் இஞ்சை தடை. பழைய கத்தியிலை கீல் தளர்ந்து உதறினாலே திறக்குது எண்டால் அதுவும் சிக்கல்தான். அமெரிக்காவுக்குப் போய் மலிவாய்க் கிடைச்சதெண்டு வாங்கிக்கொண்டு எல்லை தாண்டினால் சுங்கத்திலை பறிச்சுப்போடுவாங்கள். நகத்தாலை இழுத்துத் திறக்கிற, பூட்டில்லாத பழைய கத்திதான் நிம்மதி.

லண்டன் மழை

இங்கேயும் அதே கதைதான். பிளேடு 3 அங்குலத்துக்குள், பூட்டில்லாத மடக்குக்கத்தி என்றால் மட்டும் காரணம் சொல்லாமல் கையில் வைத்துக்கொள்ளலாம். பூட்டு இருந்தால் வெளியே எடுத்துப்போகத் தகுந்த காரணம் வேண்டும். பொத்தான் கத்தி வீட்டில் வைத்திருப்பதே குற்றம், 2021இலிருந்து. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சந்தைகளில் (காரின் பின்பெட்டியில் வைத்துப் பழசு விற்கும் இடம்) ஷெஃபீல்டு என்ற கத்திக்குப் பெயர்போன ஊரின் பழசு இன்னமும் கிடைக்கிறது. ஜோசப் ராட்ஜர்ஸ் முத்திரையில் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இருக்கும், தேடுங்கள்.

சாணைக்கல்

டெக்சஸில் 2017 செப்டம்பரிலிருந்து சட்டம் தளர்ந்துவிட்டது. பிளேடு ஐந்தரை அங்குலத்தைத் தாண்டினால்தான் பள்ளி, மதுக்கடை மாதிரி இடங்களில் கட்டுப்பாடு. மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அவரவர் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்யும் முறையைப் பலர் தனிச்செய்தியில் கேட்டதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் கத்தியைத் திறந்த நிலையில் கீலுக்குள் டபிள்யூ.டி-40 அடித்து, ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் பத்து இருபது தடவை மடக்கித் திறந்தால் கறுப்புக் கசடு வழியும். துடைத்துவிட்டு மறுபடி அடியுங்கள். வழிவது தெளியும்வரை இதே வேலை. கைப்பிடிக்குள் அடைந்த பஞ்சைப் பல்குச்சியால் கிளறி எடுக்கலாம். பழைய பல்துலக்கி, பாத்திரச் சோப்பு, வெந்நீர் எல்லாம் பிளாஸ்டிக் கைப்பிடிக்குச் சரி. எலும்பு, மரம், கொம்புக் கைப்பிடியை நீரில் ஊறவைக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள், இல்லாவிட்டால் ரிவெட் பக்கத்தில் வெடிக்கும்.

துருவுக்கு நான்கு சைபர் (0000, மிக மெல்லிய) எஃகுக் கம்பளியும் எண்ணெயும் போதும். பிளேடின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள், முத்திரை இருக்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். எவாப்போ-ரஸ்ட் மாதிரி திரவத்தில் போட்டால் துரு போய்விடும், ஆனால் பழைய படலமும் போய்க் கார்பன் எஃகு சாம்பல் பூத்த மாதிரி நிற்கும். குழி விழுந்த இடத்தைத் தேய்த்துச் சமன் செய்யப் போகாதீர்கள். குழி மறைவதற்குள் பிளேடு மெலிந்துவிடும்.

டபிள்யூ.டி-40 கழுவத்தான், உயவுக்கு அல்ல. கடைசியாக ஒரு சொட்டு மினரல் ஆயில் விடுங்கள். மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்பதே போதும், பழம் நறுக்கினாலும் பயமில்லை.

ரிவெட் அடித்த கத்தியைப் பிரிக்காதீர்கள். ஸ்க்ரூ போட்ட புதுக்காலக் கத்தியைப் பிரிக்கலாம். டி6, டி8 டார்க்ஸ் (நட்சத்திர வடிவ) முனைதான் பெரும்பாலும் பொருந்தும். ஸ்க்ரூ அசையாவிட்டால் வலுவைக் காட்ட வேண்டாம், உள்ளே பசை போட்டிருப்பார்கள். சால்டரிங் இரும்பின் நுனியை ஸ்க்ரூ தலையில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும்.

தீட்டுவது தனி இழைக்கான விஷயம். இந்தக் கத்திகளுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: எடுத்த எடுப்பில் மெல்லிய கல்லில் வைக்காதீர்கள். முந்தைய சொந்தக்காரர் இழுத்துத் தீட்டும் மலிவுக் கருவியால் விளிம்பைக் கரடுமுரடாக்கி வைத்திருப்பார். முரட்டு வைரத் தகட்டில், பக்கத்துக்கு ஏறக்குறைய 20 டிகிரி சாய்வில், அடியிலிருந்து முனைவரை மறுபக்கம் பிசிறு ஏறும்வரை தேய்க்க வேண்டும். கட்டைவிரலை விளிம்புக்குக் குறுக்கே நகர்த்தினால் பிசிறு தட்டுப்படும். பிசிறு ஏறாமல் அடுத்த கல்லுக்குப் போனால் நாள் முழுக்கத் தேய்த்தாலும் தக்காளி நறுக்காது. அதன்பிறகு நடுத்தரக் கல், கடைசியில் பச்சை மெருகுக் கலவை தடவிய தோல்வார்.

புதுசு_ஹூஸ்டன்

அண்ணா, வீட்டில் நல்லெண்ணெய் இருக்கிறது. அதையே விட்டால் என்ன?

பெட்டிக்கடை

வேண்டாம் தம்பி. சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகி ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் விட்ட கத்தியை எங்கள் ஒஹாயோ ஜனவரியில் திறந்து பாருங்கள், உறைந்துபோய் இருக்கும்.

கோவை மருது

மான்கொம்புக் கைப்பிடி என்று போட்டு இணையத்தில் யானை விலை சொல்கிறார்களே, அதில் என்ன விசேஷம்?

பெட்டிக்கடை

விசேஷமே உங்கள் ஊர்ப்பக்கத்துச் சரக்குதான். பழைய ஷெஃபீல்டு, அமெரிக்கக் கத்திகளில் உயர்வாக மதிக்கப்பட்ட கொம்பு, இந்தியக் கடமானுடையது. மலைப்பக்கம் மிளா என்பார்கள். கொம்பின் உள்ளே சோறு குறைவு, சுவர் தடிமன், அதனால் தகடாக அறுத்தாலும் உறுதியாக நிற்கும். மேல்பக்கத்துப் பழுப்புக் கோடுகளும் ஆழமாக இருக்கும். இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்த பிறகு இருப்பில் உள்ளதுதான் சுற்றி வருகிறது, விலை ஏறிவிட்டது. இந்தியாவில் அதை வாங்கவோ விற்கவோ போகாதீர்கள், வனவிலங்குச் சட்டம் பாயும். கேஸில் முதல் எண் 5 என்றால் கொம்பு. டப்பாவில் 5இல் தொடங்கும் எண் கண்ணில் பட்டால் மற்றதையெல்லாம் அப்படியே வையுங்கள்.

யானைத் தந்தக் கைப்பிடி என்று யாராவது சொன்னால் அமெரிக்காவிலும் ஒதுங்கிவிடுங்கள். 2016 விதிகளுக்குப் பிறகு விற்பது பெரிய தலைவலி.

புதுசு_ஹூஸ்டன்

அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே டப்பாவைக் கேட்டேன். பக் 110 (பக் நிறுவனத்தின் பூட்டு வகைக் கத்தி) ஒன்று கிடைத்தது, மற்ற இரண்டோடு சேர்த்து 25 டாலர். பித்தளை கறுத்திருக்கிறது, பிளேடு முழுசாக இருக்கிறது. ஆனால் திறந்தால் பூட்டு முழுசாக உட்காரவில்லை, மேல்கீழ் ஆடுகிறது. முத்திரையில் 110க்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு குறி இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

சாணைக்கல்

இல்லை, நல்ல வேட்டை. அந்தக் குறிதான் வருட அடையாளம், 1986இலிருந்து போடுகிறார்கள். குறியின் படத்தை இங்கே போடுங்கள், வருடத்தைச் சொல்லிவிடலாம்.

பூட்டு உட்காராததற்குப் பெரும்பாலும் குப்பைதான் காரணம். பிளேடைப் பாதி மடக்கி, கீலுக்குப் பின்னால் அடிப்பகுதியில் இருக்கும் சதுரமான வெட்டைப் பாருங்கள். பூட்டின் கொக்கி விழும் இடம் அது. பாக்கெட் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து கெட்டித்துப்போய், வெட்டின் அடியில் மெழுகு மாதிரி ஒரு படலம் நிற்கும். பல்குச்சியின் முனையைச் சீவி மூலையில் விட்டுச் சுரண்டி எடுங்கள். பூட்டுச் சட்டத்தின் அடியிலும் டபிள்யூ.டி-40 அடித்து, கட்டைவிரலால் நூறு தடவை அழுத்தி விடுங்கள்.

அதற்கப்புறமும் ஆடினால் கொக்கியே தேய்ந்திருக்கிறது. அரம் வைத்து அந்த வெட்டை ஆழப்படுத்தலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், பூட்டு கைவிட்டால் விரல் போகும். பக் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பிளேடை மாற்ற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், மாற்றினால் வருடக் குறியும் அதோடு போய்விடும். பித்தளையை மினுக்குவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். அந்தக் கத்தி நிறையவே கிடைக்கிறது, மினுக்கினாலும் பாவம் இல்லை.

புதுசு_ஹூஸ்டன்

சுரண்டியதில் பட்டாணி அளவுக்கு வந்தது அண்ணா. இப்போது டக்கென்று விழுகிறது, ஆட்டம் இல்லை. படம் நாளைக்குப் போடுகிறேன்.